ஒருவரின் கார்பன் தடமும் பூமியில் அவருக்குரிய பங்கும்: கணக்கிட்டு ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

உங்கள் வாழ்க்கை முறையால் ஆண்டுக்கு 3 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்று யாரேனும் கணக்கிட்டுச் சொன்னால், அது அதிகமா குறைவா என்று உடனே சொல்லிவிட முடியாது. வளிமண்டலம் இன்னும் எவ்வளவு தாங்கும், அதை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள், அவர்களுள் உங்களுக்குரிய பங்கு எது என்ற மூன்றையும் அருகில் வைத்துப் பார்த்தால்தான் அந்த எண் பேசத் தொடங்கும். அதனால் இந்த வழிகாட்டி இரண்டு பகுதிகளாகச் செல்கிறது. முதற்பகுதியில் தடத்தை, அதாவது ஒருவரின் வாழ்க்கை முறையால் வெளியாகும் வாயுக்களின் அளவை, அளக்கிறோம். பிற்பகுதியில் அதைப் பங்கோடு ஒப்பிடுகிறோம். அளப்பதோடு நின்றுவிடுபவர்கள் பலர். இரண்டாவது பகுதிதான் எனக்கு முதன்மையாகப் படுகிறது.

ஒரு நியாயமான ஐயத்துக்கு முதலில் விடை சொல்ல வேண்டும். 'கார்பன் தடம்' என்ற சொல்லை மக்களிடையே பரப்பியதில் 2000-களின் நடுப்பகுதியில் பி.பி. என்ற எண்ணெய் நிறுவனம் செய்த விளம்பரங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. எரிபொருளை எடுத்து விற்பவர்களின் பொறுப்பை வாங்கி எரிப்பவர்களின் தலையில் ஏற்றும் முயற்சி அது என்ற விமர்சனம் சரியானதே. ஆனாலும் அளவுகோலையே தூக்கி எறிவது தவறு என்று கருதுகிறேன். யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை அளக்காமல், யார் மிகுதியாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று சொல்ல வழியில்லை. அளவு இல்லாத இடத்தில் பழி எல்லோர் மீதும் சமமாக விழுகிறது; அது ஏழைகளுக்கு இழைக்கப்படும் அநீதி.

படி 1: அலகையும் எல்லையையும் தீர்மானித்தல்

எல்லாக் கணக்கும் கார்பன் டை ஆக்சைடு இணை என்ற அலகில் எழுதப்படுகிறது. மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு போன்ற பிற வாயுக்கள் நூறு ஆண்டுக் காலத்தில் எவ்வளவு வெப்பமூட்டுகின்றன என்று பார்த்து, அதே அளவு வெப்பமூட்டும் கார்பன் டை ஆக்சைடின் எடையாக அவற்றை மாற்றிக்கொள்கிறோம். ஒரு கிலோ மீத்தேன் ஏறத்தாழ 27 முதல் 30 கிலோவுக்கும், ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோவுக்கும் இணை. சில அறிக்கைகள் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாகக் கார்பனின் எடையைத் தருகின்றன. 12 கிராம் கார்பன் எரிந்தால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும் என்பதால், அப்படிப்பட்ட எண்களை 3.67-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். இதைக் கவனிக்காமல் இரு அறிக்கைகளை ஒப்பிட்டால், இல்லாத முரண்பாடு தோன்றும்.

அடுத்தது எல்லை. ஒரு பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டாலும், அதைப் பயன்படுத்துபவரின் கணக்கில் எழுதுவதே நுகர்வுவழிக் கணக்கு. தனிமனிதருக்கு இதுவே பொருந்தும். இல்லையென்றால், ஆலைகளை எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட்டுப் பொருள்களை மட்டும் இறக்குமதி செய்யும் நாட்டினர் தூய்மையானவர்களாகத் தோன்றுவார்கள். கடந்த 12 மாதங்களைக் கணக்கின் காலமாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள அனைவரையும், குழந்தைகள் உட்பட, முழு ஆளாகவே எண்ணுங்கள். அலுவலகத்துக்காகச் செய்யும் பயணங்களைத் தனித்தாளில் எழுதி, மொத்தத்தோடு சேர்க்காமல் வைத்திருங்கள். அவை குறித்து முடிவெடுப்பவர் வேறொருவராக இருக்கலாம்.

படி 2: வீட்டில் எரிவதும் மின்சாரமும்

இந்தப் பகுதிக்கு ஊகம் தேவையில்லை, ரசீதுகளே போதும். ஆண்டு முழுவதும் வாங்கிய எரிபொருளைக் கூட்டிக் கீழ்க்கண்ட எண்களால் பெருக்குங்கள்.

- பெட்ரோல்: லிட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ
- டீசல்: லிட்டருக்கு 2.7 கிலோ
- மண்ணெண்ணெய்: லிட்டருக்கு 2.5 கிலோ
- உருளைகளில் வரும் சமையல் எரிவாயு: கிலோவுக்கு 3 கிலோ
- குழாயில் வரும் இயற்கை எரிவாயு: கன மீட்டருக்கு 2 கிலோ

முக்கால் கிலோ எடையுள்ள ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து 2.3 கிலோ எப்படி வரும் என்று பலர் கேட்பார்கள். எரியும்போது கார்பனோடு சேரும் ஆக்சிஜன் காற்றிலிருந்து வருகிறது. கூடுதல் எடை அதனுடையது. மேலே உள்ளவை எரிப்பதால் மட்டும் வெளியாகும் அளவுகள். எண்ணெயைத் தோண்டி எடுத்து, சுத்திகரித்து, கொண்டுவந்து சேர்ப்பதற்குப் பெட்ரோலின் கணக்கில் மேலும் 20 முதல் 25 விழுக்காடு சேர்க்கலாம்.

மின்சாரத்துக்கு ஒரே பெருக்கெண் கிடையாது. நிலக்கரியில் உண்டாகும் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.9 முதல் 1 கிலோவும், இயற்கை எரிவாயுவில் உண்டாகும் யூனிட்டுக்கு 0.4 முதல் 0.5 கிலோவும் வெளியாகின்றன. சூரியத் தகடுகளைச் செய்வதில் தொடங்கி அவற்றின் ஆயுள் முழுவதையும் கணக்கிட்டாலும் யூனிட்டுக்கு 50 கிராம் அளவில்தான் வரும். காற்றாலைக்கும் அணுமின் நிலையத்துக்கும் அதைவிடவும் குறைவு. உங்கள் மின்கட்டமைப்பின் சராசரியை நாட்டின் மின்துறை அமைப்புகள் வெளியிடுகின்றன, அதையே பயன்படுத்துங்கள். ஆண்டுக்கு 3,000 யூனிட் செலவிடும் வீடு, யூனிட்டுக்கு 0.9 கிலோ உள்ள கட்டமைப்பில் 2,700 கிலோவுக்குப் பொறுப்பாகிறது. அதே வீடு, அதே விளக்குகள், அதே குளிர்பதனப் பெட்டி, 0.1 கிலோ உள்ள கட்டமைப்பில் இருந்தால் 300 கிலோதான். அந்த 2,400 கிலோ வேறுபாட்டை வீட்டுக்குள் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் ஈடுகட்ட முடியாது. தனிமனிதத் தடத்தில் எவ்வளவு பகுதி பொது முடிவுகளால் ஆனது என்பதைக் கணக்கின் தொடக்கத்திலேயே காட்டிவிடும் இடம் இது.

குளிரூட்டும் கருவி இருந்தால், அதன் மின்சாரத்தோடு அதில் அடைத்திருக்கும் வாயுவையும் கவனியுங்கள். ஆர்-410ஏ என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால் அது ஏறத்தாழ 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு இணை. ஆர்-32 என்றால் சுமார் 0.7 டன். புரோப்பேன் வகை வாயு என்றால் சில கிலோக்களோடு முடிந்துவிடும். ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கவே 2016-இல் மொன்ட்ரியல் நெறிமுறை என்ற பன்னாட்டு உடன்படிக்கைக்குக் கிகாலி திருத்தம் ஏற்கப்பட்டது. கருவியில் வாயு நிரப்பிய நாளையும் அளவையும் குறித்து வைத்திருந்தால் கசிவு எவ்வளவு என்பது தானாகத் தெரிந்துவிடும்.

விறகில் சமைப்பவரின் கணக்கு வேறு வகையானது. வெட்டிய மரம் மீண்டும் வளர்ந்தால் கார்பன் கணக்கு பெரிதும் நேராகிவிடும். புகையில் உள்ள மீத்தேனும் கரித்துகளும் எஞ்சி நிற்கும். ஆனால் உலகில் இன்னும் 200 கோடிக்கும் மேற்பட்டோர் தூய சமையல் எரிபொருள் இல்லாமல் வாழ்கிறார்கள். வீட்டுப் புகையால் 2020-இல் மட்டும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. விறகில் சமைப்பவர்களில் ஒருவர் எரிவாயுவுக்கு மாறும்போது தாளில் அவருடைய தடம் கூடலாம். அந்தக் கூடுதலைக் குற்றமாகக் காட்டும் எந்தக் கணக்கும் பிழையான கணக்கு.

படி 3: பயணம்

சொந்த வண்டிக்குக் கிலோமீட்டரைத் தேடாமல் லிட்டரைக் கணக்கிடுங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு 153 கிராம் வெளியிடுகிறது. ஒருவர் மட்டும் சென்றால் முழுவதும் அவருடையது. நால்வர் சென்றால் ஆளுக்கு 38 கிராம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் டீசல் பேருந்தில் 45 பேர் இருந்தால் ஆளுக்கு 15 கிராம்தான் விழும். மின்வாகனத்துக்கு, அது எடுத்துக்கொண்ட யூனிட்டுகளை உங்கள் கட்டமைப்பின் எண்ணால் பெருக்குங்கள். வீட்டிலேயே மின்னேற்றினால் அது ஏற்கனவே முந்தைய படியில் வந்துவிட்டதால் இருமுறை எழுதாதீர்கள்.

விமானப் பயணத்தைத் தனியே, நிதானமாகக் கணக்கிட வேண்டும். சாதாரண வகுப்பில் ஒரு மணி நேரம் பறப்பதற்கு ஆளுக்குச் சுமார் 90 கிலோ என்று கொள்ளலாம். அதிக இடம் பிடிக்கும் உயர்வகுப்பு இருக்கைக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு. இவற்றில் கார்பன் டை ஆக்சைடு மட்டுமே அடங்கும். விமானம் விட்டுச்செல்லும் பனிப்புகைக் கோடுகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் தனியாக வெப்பமூட்டுகின்றன. விமானப் போக்குவரத்தால் இதுவரை விளைந்த வெப்பமூட்டலில் மூன்றில் இரண்டு பங்கு அவற்றிலிருந்து வந்தது என்று 2021-இல் வெளியான ஒரு விரிவான ஆய்வு மதிப்பிட்டது. எனவே கார்பன் டை ஆக்சைடை மொத்தத்தில் சேர்த்து, மற்ற விளைவை ஓரத்தில் குறிப்பாக எழுதி வைப்பது நேர்மையான வழி.

எடுத்துக்காட்டாக நால்வர் கொண்ட ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மாதம் 250 யூனிட் மின்சாரம், யூனிட்டுக்கு அரைக் கிலோ வீதம், ஆண்டுக்கு 1,500 கிலோ. மாதம் 12 கிலோ சமையல் எரிவாயு, ஆண்டுக்கு 432 கிலோ. மாதம் 40 லிட்டர் பெட்ரோல், ஆண்டுக்கு 1,104 கிலோ. மூன்றும் சேர்ந்து 3,036 கிலோ. ஆளுக்கு 759 கிலோ. இவர்களுள் ஒருவர் ஐந்து மணி நேரத் தொலைவில் உள்ள ஊருக்கு ஒருமுறை விமானத்தில் போய்த் திரும்புகிறார் என்றால் அந்தப் பத்து மணி நேரத்துக்கு 900 கிலோ. ஓராண்டின் விளக்கு, சமையல், வண்டி எல்லாவற்றிலும் அவருக்கு விழுந்த பங்கை அந்த ஒரு பயணம் தாண்டிவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்காமல் இது யாருக்கும் தோன்றாது.

படி 4: உணவு

உணவின் தடத்தைப் பற்றி நம்பகமான பரந்த தரவைத் தந்தது ஜோசப் பூர், தாமஸ் நெமசெக் ஆகிய இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு. 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளை அவர்கள் தொகுத்தனர். நிலப் பயன்பாட்டு மாற்றத்தையும் சேர்த்து, ஒரு கிலோ உணவுக்கான சராசரிகள் இவ்வாறு அமைகின்றன: இறைச்சிக்காகவே வளர்க்கப்படும் மாட்டின் இறைச்சிக்கு ஏறத்தாழ 100 கிலோ, பால் மாடுகளின் இறைச்சிக்கு 33, பாலாடைக்கட்டிக்கு 24, கோழிக்கு 10, முட்டைக்கு 4.7, அரிசிக்கு 4.5, பாலுக்கு லிட்டருக்கு 3.2, கோதுமைக்கு 1.6, பட்டாணிக்கு 1. அசைபோடும் விலங்குகளின் வயிற்றிலிருந்து மீத்தேன் வருகிறது. நீர் தேங்கிய நெல்வயலில் காற்றில்லாச் சேற்றிலும் அதே வாயு உண்டாகிறது. தானியங்களுக்குள் அரிசியின் எண் உயர்ந்து நிற்பதற்குக் காரணம் இதுவே. வயலை முறைவைத்துக் காயவிட்டுப் பாய்ச்சினால் இந்த மீத்தேன் பெருமளவு குறையும். ஆகவே இதை உண்பவரின் குறையாக மட்டும் பார்க்கத் தேவையில்லை.

ஒரு வாரம் வாங்கியதை எழுதி 52-ஆல் பெருக்குங்கள். நாள்தோறும் அரை லிட்டர் பால் பருகுபவருக்கு ஆண்டில் சுமார் 580 கிலோ. நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி உண்பவருக்கு 490 கிலோ, அதே அளவு கோதுமை என்றால் 175 கிலோ. தினம் ஒரு முட்டைக்கு 85 கிலோ. மாதம் ஒரு கிலோ கோழிக்கு 120 கிலோ. பருப்பும் காய்கறிகளும் எண்ணெயும் சேர்த்து இன்னும் ஒரு 150 முதல் 200 கிலோ வரும். பால், அரிசி, முட்டை, கோழி எல்லாம் உண்பவருக்கு மொத்தம் 1.4 டன் அளவில் நிற்கும். இறைச்சிக்காக வளர்த்த மாட்டின் இறைச்சியை மாதம் ஒரு கிலோ சேர்த்தால் அது ஒன்றே 1.2 டன் கூட்டிவிடும்.

உணவு எவ்வளவு தொலைவிலிருந்து வந்தது என்று பலர் கவலைப்படுகிறார்கள். பெரும்பாலான உணவுகளில் போக்குவரத்தின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவுதான். விமானத்தில் வரும் விரைவில் கெடும் பொருள்கள் விதிவிலக்கு. வீணாவதைப் பற்றிக் கவலைப்படுவதே பயனுள்ளது. 2022-இல் நுகர்வோரைச் சென்றடையும் நிலையில் இருந்த உணவில் 19 விழுக்காடு கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் வீணானது என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டது; அதில் பெரும்பகுதி வீடுகளில்.

படி 5: பொருள்களும் கட்டடமும்

திறன்பேசி ஒன்றின் வாழ்நாள் தடம் 60 முதல் 80 கிலோ அளவில் இருக்கும். அதில் பெரும்பங்கு அதைச் செய்யும்போதே வெளியாகிவிடுகிறது. ஆகவே மின்னேற்றுவதில் சிக்கனம் காட்டுவதைவிட, மேலும் இரண்டு ஆண்டுகள் அதையே வைத்திருப்பதுதான் தடத்தைக் குறைக்கும். எந்தப் பொருளையும் அது உழைக்கும் ஆண்டுகளால் வகுத்து எழுதுங்கள். வீடும் அப்படியே. ஒரு டன் சிமெண்டுக்குச் சுமார் 0.6 டன், ஒரு டன் எஃகுக்குச் சுமார் 2 டன். 20 டன் சிமெண்டும் 4 டன் எஃகும் கொண்ட ஒரு வீட்டுக்கு இவ்விரண்டால் மட்டும் 20 டன். 50 ஆண்டுகளுக்குப் பிரித்து, நால்வருக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 100 கிலோ. ஒருவர் மட்டும் குடியிருக்கும் அதே வீட்டில் அது 400 கிலோவாகும். பூட்டிக்கிடக்கும் இரண்டாவது வீடு இருந்தால் அதன் கணக்கும் அதன் உரிமையாளரையே சேரும்.

துணி, தளவாடம், கருவிகள் ஆகியவற்றைத் துல்லியமாகக் கணக்கிட முயன்று களைத்துவிடாதீர்கள். ஒரு தோராயத் தொகையை வைத்துவிட்டு நகருங்கள். பெரிய எண்களில் வரும் ஒரு பிழை, இந்தச் சிறியவை அனைத்தையும் விழுங்கிவிடக்கூடியது.

படி 6: கூட்டிச் சரிபார்த்தல்

மேலே கற்பனை செய்த வீட்டில் ஒருவரின் கணக்கைக் கூட்டுவோம். எரிபொருளும் மின்சாரமும் 0.76 டன், உணவு 1.4, கட்டடம் 0.1, பொருள்களுக்கு 0.3 என்று வைத்தால் 2.6 டன்னுக்குச் சற்றுக் குறைவு. விமானத்தில் சென்றவருக்கு ஏறக்குறைய 3.5 டன். மருத்துவமனை, சாலை, ராணுவம், அரசு அலுவலகங்கள் ஆகியவற்றின் பங்கு இதில் இல்லை என்பதைத் தாளின் அடியில் எழுதி வையுங்கள். இந்த வரியை எழுதாமல் விட்டால், பின்னர் நாட்டுச் சராசரியோடு ஒப்பிடும்போது உங்களை நீங்களே குறைத்து மதிப்பிட நேரும்.

படி 7: உங்கள் பங்கு எவ்வளவு?

இப்போதுதான் அறம் கணக்குக்குள் வருகிறது. பங்கைத் தீர்மானிக்க ஒரே சூத்திரம் இல்லை. எந்தச் சூத்திரத்தைத் தேர்ந்தாலும் அதற்குள் ஒரு நீதிக் கொள்கை இருக்கும். அதை மறைக்காமல் எழுதிவிட்டுத் தேர்வதே முறை.

எளியது ஆண்டுப் பங்கு. உலகின் பசுமைக்குடில் வாயு வெளியேற்றம் இப்போது ஆண்டுக்கு 5,700 கோடி டன் அளவில் உள்ளது. 800 கோடி மக்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு ஏறத்தாழ 7 டன். இது இன்றைய சராசரி மட்டுமே. 'நான் சராசரிக்குக் கீழே இருக்கிறேன்' என்று நிறைவடைபவர்கள், அந்தச் சராசரியே எல்லையை மீறியது என்பதை மறந்துவிடுகிறார்கள். பூமியின் வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் உயரக் கூடாது என்ற எல்லையோடு பொருந்தும் வாழ்க்கை முறையை ஆராய்ந்தவர்கள், வீட்டு நுகர்வுக்கு மட்டும் ஆளுக்கு 2030-இல் 2.5 டன், 2040-இல் 1.4 டன், 2050-இல் 0.7 டன் என்ற இலக்குகளை முன்வைத்தனர். நமது கற்பனை வீட்டினர் முதல் இலக்கின் வாசலில் நிற்கிறார்கள். விமானத்தில் சென்றவர் தாண்டிவிட்டார்.

இரண்டாவது முறை, எஞ்சிய இருப்பைப் பகிர்வது. கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுகளுக்குக் காற்றில் தங்குவதால், வெப்பநிலையைத் தீர்மானிப்பது ஆண்டு வெளியேற்றம் அல்ல, இதுவரை சேர்ந்த மொத்தம். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகள் குழுவின் ஆறாம் மதிப்பீட்டின்படி, 2020 தொடக்கத்தில் 1.5 டிகிரிக்குள் நிற்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டுமானால் எஞ்சியிருந்தது 50,000 கோடி டன். 2 டிகிரிக்குள் நிற்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு வேண்டுமானால் 1,15,000 கோடி டன். அன்றைய 780 கோடி மக்களுக்குப் பிரித்தால் ஆளுக்கு முறையே 64 டன், 147 டன். இது ஓராண்டுக்கு உரியதல்ல. வாழ்நாள் முழுமைக்கும், பின்னால் பிறப்பவர்களுக்கும் சேர்த்து உரியது. உலகச் சராசரி மனிதர் ஆண்டுக்குச் சுமார் 5 டன் கார்பன் டை ஆக்சைடு வீதம் இதைச் செலவழித்துவருகிறார். அதாவது முதல் ஐந்து ஆண்டுகளிலேயே 64-இல் 25 டன் தீர்ந்துபோனது. ஆண்டுக்கு 15 டன் செலவிடுபவர் தம் 64 டன்னை நான்கே ஆண்டுகளில் முடித்துவிட்டு, அதன்பின் பிறருடையதில் வாழ்கிறார்.

மூன்றாவது முறை பழைய கணக்கையும் கேட்கிறது. 1850 முதல் 2019 வரை மனிதர் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 2,40,000 கோடி டன். அதில் 58 விழுக்காடு 1990-க்கு முன்பே வெளியாகிவிட்டது. அதில் பெரும்பகுதி இன்றைய செல்வ நாடுகளின் தொழில்வளர்ச்சியோடு வந்தது. முன்னரே தம் பங்கை எடுத்துக்கொண்டவர்களும், இன்னும் எடுத்துக்கொள்ளாதவர்களும் இன்றிலிருந்து சமமாகப் பகிரலாம் என்பது நீதியா? 1992-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. காலநிலை மாற்றப் பணிச்சட்டக உடன்படிக்கை, 'பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள்' என்றும் 'அவரவர் திறன்' என்றும் எழுதியது இந்தக் கேள்விக்காகவே. அதற்கு முந்தைய ஆண்டே இந்தியச் சூழலியலாளர்களான அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், பிழைப்புக்கான வெளியேற்றத்தையும் ஆடம்பரத்துக்கான வெளியேற்றத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்று வாதிட்டனர். மெய்யியலாளர் ஹென்றி ஷூ 1993-இல் அதே வேறுபாட்டை அறவியல் நோக்கில் விரித்தார். பின்னர் சிவன் கார்தா, பால் பேர், டாம் அதனாசியு ஆகியோர் ஒரு குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழே உள்ளவர்கள் மீது எந்தச் சுமையும் ஏற்றாத, அதற்கு மேலுள்ள வருமானத்தையே திறனாகக் கொள்ளும் ஒரு பங்கீட்டு முறையை உருவாக்கினர்.

இந்த மூன்றில் எதைத் தேர்வது? முதல் முறையில் உங்கள் எண்ணைப் பாருங்கள். முடிவை மூன்றாவது முறையின் கேள்விகளோடு எடுங்கள். உங்கள் தாளில் ஒவ்வொரு வரிக்கும் அருகே 'பிழைப்பு', 'வசதி', 'மிகை' என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். சமையல் எரிவாயு பிழைப்பு. கடும் வெயிலில் நோயாளியின் அறைக்கான குளிரூட்டியும் பிழைப்பே. வாரக் கடைசியில் பொழுதுபோக்குக்காகப் பறப்பது மிகை. சில வரிகளில் மனம் தடுமாறும்; அந்தத் தடுமாற்றத்தை அப்படியே எழுதி வைப்பது, தவறான உறுதியைவிட மேலானது.

நாட்டுச் சராசரிக்குப் பின்னால் மறைந்துகொள்வதையும் தவிர்க்க வேண்டும். உலக வீட்டு நுகர்வால் வரும் வெளியேற்றத்தில், மேல்தட்டுப் பத்து விழுக்காட்டு வீடுகளின் பங்கு 34 முதல் 45 விழுக்காடு. கீழ்ப்பாதி மக்கள் அனைவரும் சேர்ந்து 13 முதல் 15 விழுக்காடு. அந்த மேல்தட்டினர் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். தடம் குறைந்த நாட்டில் வாழும் செல்வர், தம் நாட்டு ஏழைகளின் குறைந்த எண்களைத் தமக்குக் கவசமாக்கிக்கொள்வது அவர்களுடைய பங்கை இரண்டாம் முறை எடுத்துக்கொள்வதாகும்.

படி 8: நிலமும் பிற வளங்களும்

கார்பனுக்கு வெளியேயும் பங்கு உண்டு. வில்லியம் ரீஸும் மத்தியாஸ் வாக்கர்நாகலும் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய சூழலியல் தடம், ஒருவர் நுகர்வதை விளைவிக்கவும் அவருடைய கார்பனை உறிஞ்சவும் எத்தனை ஹெக்டேர் வளமான பரப்பு தேவை என்று கேட்கிறது. பூமியில் உயிர்வளம் மிக்க நிலமும் நீருமாக ஏறத்தாழ 1,200 கோடி ஹெக்டேர் உள்ளது. 800 கோடி பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1.5. மனிதரின் இன்றைய சராசரித் தடம் 2.6 அளவில் இருப்பதால்தான் நாம் 1.7 பூமிகளைச் செலவழிப்பதாகச் சொல்கிறார்கள். அந்த 1.5 ஹெக்டேரிலிருந்துதான் மற்ற உயிர்களுக்கும் இடம் விட வேண்டும் என்பதை இந்தப் பங்கீடு சேர்த்துக்கொள்வதில்லை. இந்தத் தடத்தில் பாதிக்கும் மேற்பட்டது கார்பனை உறிஞ்சத் தேவைப்படும் காட்டுப் பரப்பு. எனவே முந்தைய படிகளைச் செய்து முடித்தவர் இதில் பெரும்பகுதியைச் செய்துவிட்டார்.

தோண்டியெடுக்கும் மூலப்பொருள்கள் 1970-இல் ஆண்டுக்கு 3,000 கோடி டன் அளவில் இருந்தன. இன்று 10,000 கோடி டன்னைத் தாண்டிவிட்டன. ஆளுக்குப் பன்னிரண்டரை டன்னுக்கும் மேல். நீரில், உலகச் சராசரி மனிதரின் தடம் ஆண்டுக்கு 1,385 கன மீட்டர். அதில் 92 விழுக்காடு வேளாண்மையில் செலவாகிறது. ஆனால் நீரைக் கார்பனைப் போல உலக அளவில் கூட்டிப் பகிர முடியாது: மழை மிகுந்த இடத்தில் செலவழியும் ஆயிரம் லிட்டரும் வறண்ட ஆற்றுப்படுகையில் உறிஞ்சப்படும் ஆயிரம் லிட்டரும் ஒன்றல்ல. நீருக்கு, அது எடுக்கப்பட்ட இடத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

படி 9: பங்குக்கு மேல் இருந்தால்

பெரிய எண்ணிலிருந்து தொடங்குங்கள். செத் வைன்ஸ், கிம்பர்லி நிக்கலஸ் ஆகியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வளர்ந்த நாடுகளில் கார் இல்லாமல் வாழ்வது ஆண்டுக்கு 2.4 டன்னையும், அட்லாண்டிக்கைக் கடந்து போய்வரும் ஒரு விமானப் பயணத்தைத் தவிர்ப்பது 1.6 டன்னையும், தாவர உணவுக்கு மாறுவது 0.8 டன்னையும் மிச்சப்படுத்துகின்றன. குப்பையைத் தரம்பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது 0.2 டன், விளக்குகளை மாற்றுவது 0.1 டன். பொது அறிவுரைகள் பெரும்பாலும் கடைசி இரண்டையே சுற்றிவருகின்றன. அவற்றைச் செய்யக் கூடாது என்பதில்லை. அவற்றைச் செய்துவிட்டதால் முதல் மூன்றும் கழிந்துவிடாது.

மிச்சமான பணம் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். மின்கட்டணத்தில் சேமித்த தொகை ஒரு விமானச் சீட்டாக மாறினால் தடம் கூடத்தான் செய்யும். மரம் நட்டதாகச் சொல்லும் சான்றிதழ்களைத் தடத்திலிருந்து கழிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நிலத்தடியில் பல கோடி ஆண்டுகள் உறங்கிய கார்பன் இன்று காற்றில் கலக்கிறது. அதை ஈடுசெய்ய நட்ட மரம் சில பத்தாண்டுகளில் வெட்டப்படலாம், எரிந்துபோகலாம். காடு வளர்ப்புக்குப் பணம் தருவது நல்ல செயல். அதைக் கொடையாக வேறு பக்கத்தில் எழுதுங்கள்.

உங்கள் எண் பங்குக்குக் கீழே இருந்தால் குறைக்கும் கடமை இப்போது உங்களுக்கு இல்லை. குளிர்பதனப் பெட்டி வாங்கியதற்காகவோ, முதன்முறையாக உறவினரைக் காண விமானத்தில் சென்றதற்காகவோ வெட்கப்படத் தேவையில்லை. கூடுதல் தேவையை, முடிந்தவரை, பின்னால் மாற்ற முடியாத, புகை மிகுந்த வழிகளில் சிக்காமல் நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பைக் கேட்பது உங்கள் உரிமை.

படி 10: ஆண்டுதோறும் பதிவு

கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை, அதே மாதத்தில், அதே எல்லையோடு திரும்பச் செய்யுங்கள். எண் குறைந்திருந்தால் அந்தக் குறைவை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். முந்தைய ஆண்டில் 3,000 யூனிட், யூனிட்டுக்கு 0.5 கிலோ, இந்த ஆண்டில் 2,800 யூனிட், 0.45 கிலோ என்றால் 1,500 கிலோ 1,260 ஆகியிருக்கும். 200 யூனிட்டைச் சேமித்ததால் வந்தது 100 கிலோ. மீதி 140 கிலோ மின்கட்டமைப்பு மாறியதால் வந்தது. முதல் எண்ணை வீட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். இரண்டாவது எண்ணைப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து வைத்து, அது அசையாமல் நிற்கும் ஆண்டில், மின்துறையும் மக்கள் பிரதிநிதிகளும் விடைசொல்ல வேண்டிய கேள்வியாக எடுத்துச்செல்லுங்கள்.